வாசகர் கேள்வி – பதில்: ரபி ஜேகபோவிட்ஸும் யூத மருத்துவ அறமும்

இரண்டு இதழ்களுக்கு முன், மருத்துவ அறவியல் குறித்த ஒரு பதிலில், யூத மருத்துவ அறம் என்ற துறைக்கு அடித்தளம் இட்டவர் ரபி (யூத மதகுரு) இம்மானுவேல் ஜேகபோவிட்ஸ் என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. வேறு பொருள்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மதகுரு ஒருவர் மருத்துவ அறத்துக்குள் எப்படி வந்தார்? அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல இயலுமா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

ஜேகபோவிட்ஸ் 1921 பிப்ரவரி 8 அன்று கேனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அப்போது ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த அந்நகரம், இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் வாழ்ந்து மறைந்த ஊர் என்பதால் அவருடைய பெயரையே குழந்தைக்குச் சூட்டினார்கள் என்பார்கள். தந்தை ஜூலியஸ் ஜேகபோவிட்ஸும் ரபிதான். பின்னாளில் பெர்லினில் யூத மத நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தார். ஹிட்லர் ஆட்சியில் யூதர்களின் நிலை நாளுக்கு நாள் மோசமாகிவந்த 1936ஆம் ஆண்டில், 15 வயது மகனை அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பெற்றோர் 1938இல் வந்து சேர்ந்தனர். லண்டனில் யெஷிவா எனப்படும் மதக் கல்விக்கூடத்தில் யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத், அதோடு ரபிகளைப் பயிற்றுவிக்கும் ஜூஸ் காலேஜிலும் (Jews' College) லண்டன் பல்கலைக்கழகத்திலும் நவீனக் கல்வி என்று இரண்டு வழிகளிலும் அவர் படித்தார்.

1949இல், 28ஆம் வயதில், அயர்லாந்தின் தலைமை ரபியாக டப்ளினுக்குச் சென்றார். அவருடைய வாழ்க்கைப் பணிக்கு அந்த ஊரே காரணம் என்பது என் கணிப்பு. அயர்லாந்து யூதர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. சுற்றிலும் கத்தோலிக்கப் பெரும்பான்மை. கருக்கலைப்பு, கருத்தடை, மரணப் படுக்கையில் சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் கத்தோலிக்க அறவியலாளர்கள் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் தெளிவான கையேடுகளை எழுதி வைத்திருந்தனர். தாய்மாருக்கும் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் அளிக்க முனைந்த சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், ஆயர்களும் மருத்துவர் சங்கமும் எதிர்த்ததால் 1951இல் பதவி விலக நேர்ந்ததும் அதே டப்ளினில்தான். மருத்துவமும் மதமும் இவ்வளவு வெளிப்படையாக மோதிக்கொண்ட ஓர் ஊரில், யூத மருத்துவர் ஒருவர் தம் மரபு என்ன சொல்கிறது என்று கேட்டால், கையில் எடுத்துக் கொடுக்க ஒரு நூல்கூட இல்லை. விடைகள் இல்லாமல் இல்லை. அவை பல நூற்றாண்டுகளாக எபிரேயத்திலும் அரமேயத்திலும் எழுதப்பட்ட தீர்ப்புத் தொகுப்புகளில் சிதறிக் கிடந்தன.

அவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்துவதையே அவர் தம் முனைவர் பட்ட ஆய்வாக்கினார். லண்டன் பல்கலைக்கழகம் 1955இல் பட்டம் வழங்கியது. ஆய்வேடு 1959இல் நியூயார்க்கில் நூலாக வந்தது. அமெரிக்காவில் உயிரி அறவியலுக்கான முதல் பெரிய ஆய்வு நிறுவனமான ஹேஸ்டிங்ஸ் மையம் 1969இல்தான் தோன்றியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நூல் எவ்வளவு முந்தி வந்தது என்பது விளங்கும். கத்தோலிக்கம் உள்ளிட்ட பிற சமயங்களின் நிலைப்பாட்டையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டிருப்பது அதன் சிறப்பு. டப்ளின் வாசம் அங்கே தெரிகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1958இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ தொழுகைக்கூடத்துக்கு முதல் ரபியாகச் சென்றார். 1967 முதல் 1991 வரை பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்குமான தலைமை ரபியாக இருந்தார். 1981இல் சர் பட்டம் பெற்றார். 1988இல் பிரபுக்கள் சபையில் இடம்பெற்ற முதல் தலைமை ரபி ஆனார். 1999 அக்டோபர் 31 அன்று மறைந்தார். அவருடைய உடல் ஜெருசலேமின் ஒலிவ மலையில் அடக்கம் செய்யப்பட்டது.

யூத மதச் சட்டம் என்பது பழைய ஏற்பாடுதானே? மூவாயிரம் ஆண்டுப் பழைய நூலில் வென்டிலேட்டருக்கு எப்படி விடை தேடுகிறார்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களான தோரா அதன் வேர் மட்டுமே. ஹலாகா எனப்படும் யூத மதச் சட்டம் அதன்மேல் அடுக்கடுக்காக வளர்ந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அதன்மீது நடந்த விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத், தாமே மருத்துவராகவும் விளங்கிய மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்டத் தொகுப்பு, 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் ஆகியவை முக்கியமான அடுக்குகள். இவற்றுக்கும் மேலாக, ஊருக்கு ஊர் எழும் புதிய சிக்கல்களைக் கடிதம் மூலம் கேட்க, அறிஞர்கள் எழுதி அனுப்பிய பதில்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நம் ஊர் வழக்கறிஞர் பழைய தீர்ப்புகளைப் புரட்டி, இந்த வழக்குக்கு மிக நெருங்கியது எது என்று தேடுவதைப்போலத்தான் ரபியும் தேடுகிறார்.

பிரேதப் பரிசோதனை பற்றிய கேள்வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஒருவர் சிறுநீர்ப்பைக் கல்லுக்காக அறுவை செய்யப்பட்டு இறந்துபோனார். அதே நோயுள்ள மற்றவர்களுக்கு எப்படி அறுப்பது என்பதைக் கற்றுக்கொள்ள அவருடைய உடலைத் திறந்து பார்க்கலாமா என்ற கேள்வி, பிராக் நகரின் ரபி எசேக்கியேல் லாண்டோவிடம் சென்றது. இறந்தவரின் உடலைச் சிதைப்பது யூத மரபில் பெரிய அவமதிப்பு; ஆனால் உயிர் காக்கும் கடமை அதை மீறக்கூடியது. லாண்டோ நுட்பமான ஒரு கோட்டைக் கிழித்தார். அதே நோயால் துன்பப்படும் ஒருவர் இப்போது நம் கண்முன் இருந்தால் அனுமதி உண்டு. என்றோ ஒருநாள் யாருக்கோ பயன்படலாம் என்பதற்காக என்றால் அனுமதி இல்லை.

அடுத்த இரு நூற்றாண்டுகளின் விவாதம் முழுவதும் ‘நம் கண்முன்’ என்பதற்கு எல்லை எது என்பதைச் சுற்றியே நடந்தது. ஒரு மருத்துவமனையில் கண்டறிந்ததை அன்றைக்கே இன்னொரு கண்டத்தில் பயன்படுத்த முடிகிற காலத்தில், தொலைவில் இருக்கும் நோயாளியும் கண்முன் இருப்பவரே என்று ஜேகபோவிட்ஸும் வேறு சிலரும் வாதிட்டனர். ஆனால் எல்லா உடல்களையும் வழக்கமாக அறுத்துப் பார்ப்பதற்கு இது உரிமம் ஆகிவிடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். விதி மாறவில்லை, அது பொருந்தும் இடம் மட்டும் விரிந்தது. ஹலாகா நவீன மருத்துவத்தை எதிர்கொள்ளும் முறை ஏறக்குறைய இதுதான்.

உயிரைக் காப்பாற்ற எந்த மதவிதியையும் மீறலாம் என்று யூதர்கள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
(செவிலியர், கோயம்புத்தூர்)

பெரும்பாலும் உண்மை. உயிர்காப்புக் கடமையை அவர்கள் பிகுவாஹ் நெஃபெஷ் என்கிறார்கள். ஆபத்து உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆபத்து இருக்கலாம் என்ற ஐயமே போதும். இவ்வேலைகளெல்லாம் விலக்கப்பட்ட ஓய்வுநாளில்கூட நெருப்பு மூட்டலாம், வண்டி ஓட்டலாம், அறுவை செய்யலாம். செய்யலாம் என்பதுகூடப் பொருந்தாது, செய்தே ஆக வேண்டும். தல்மூத் மூன்றை மட்டும் விலக்காக வைக்கிறது: கொலை, சிலைவழிபாடு, முறைதவறிய பாலுறவு. இவற்றைச் செய்துதான் உயிர் பிழைக்க முடியும் என்றால் உயிரை விட வேண்டும்.

செவிலியர் என்பதால் உங்களுக்கு ஒரு செய்தி கூடுதலாகச் சொல்கிறேன். ஆண்டின் மிகப் புனிதமான நோன்புநாளில் நோயாளி உணவு கேட்கிறார். உணவு தேவையில்லை, நோன்பைத் தாங்குவார் என்று மருத்துவர் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நோயாளியின் பேச்சையே கேட்க வேண்டும் என்கிறது தல்மூத். அதற்கு அது காட்டும் சான்று, ‘இருதயத்தின் கசப்பு இருதயத்துக்கே தெரியும்’ என்ற நீதிமொழி. மருத்துவரின் அறிவை இவ்வளவு மதிக்கும் ஒரு மரபு, வலியைப் பொறுத்தவரை நோயாளியையே கடைசிச் சாட்சியாக ஏற்பது எனக்குப் பிடித்த இடங்களில் ஒன்று.

தீராத நோயில் இருப்பவரின் உயிர்காப்புக் கருவிகளை, உரிய நடைமுறையைப் பின்பற்றி, விலக்கலாம் என்று நம் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஜேகபோவிட்ஸ் இதை ஏற்றிருப்பாரா?
(வழக்கறிஞர், மதுரை)

மறைந்த ஒருவர் எதை ஏற்றிருப்பார் என்று ஊகிப்பதைவிட, அவர் நின்ற இடத்தைச் சொல்கிறேன். உடல் மனிதனுடைய சொந்தச் சொத்து அன்று, இறைவன் ஒப்படைத்தது என்பது யூதச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே ‘என் உயிர், என் உரிமை’ என்ற வாதம் அங்கே தொடக்கத்திலேயே எடுபடாது. அந்தச் சட்டம் உரிமைகளின் மொழியில் பேசுவதில்லை. கடமைகளின் மொழியில் பேசுகிறது. நோயாளிக்குச் சிகிச்சை தேடும் கடமை உண்டு. மருத்துவருக்குச் சிகிச்சை அளிக்கும் கடமை உண்டு. நம் நீதிமன்றம் தன் தீர்ப்பைக் கண்ணியத்தோடு வாழும் உரிமையிலிருந்து எழுப்பியது. எனவே இரண்டும் சில இடங்களில் ஒரே முடிவுக்கு வந்தாலும், வந்த வழிகள் வேறு.

சாவை விரைவுபடுத்துவது கொலை என்பதில் ஹலாகாவில் தளர்வே இல்லை. இறந்துகொண்டிருப்பவரின் தலையணையைக்கூட உருவக் கூடாது என்கிறது ஷுல்கான் அரூக். அந்த அசைவே உயிரைப் போக்கிவிடலாம் என்கிறார்கள். ஆனால் அதே நூலில், அதே பகுதியில், கிராகோ நகரின் ரபி மோசஸ் இசர்லஸ் சேர்த்த குறிப்பு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. வீட்டுக்கு அருகே ஒருவர் விறகு வெட்டுகிறார். அந்தச் சத்தம் உயிர் பிரிய விடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் சத்தத்தை நிறுத்தலாம். நாவில் வைத்த உப்பு உயிரைப் பிடித்து வைத்திருந்தால் அதை எடுத்துவிடலாம். சாவைக் கொண்டுவருவது வேறு, சாவுக்குத் தடையாய் நிற்பதை விலக்குவது வேறு. இதற்கும் முந்தியது தல்மூத் சொல்லும் ஒரு நிகழ்ச்சி. மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதா மரணவேதனையில் கிடக்கிறார். மாணவர்கள் விடாமல் வேண்டுதல் செய்து அவருடைய உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் படும் பாட்டைப் பார்த்த வீட்டுப் பணிப்பெண், மாடியிலிருந்து ஒரு சாடியைக் கீழே போட்டு உடைக்கிறாள். சத்தம் கேட்டு மாணவர்கள் ஒரு கணம் வேண்டுதலை நிறுத்த, அவர் உயிர் பிரிகிறது. தல்மூத் அவளைக் கண்டிக்கவில்லை.

ஜேகபோவிட்ஸ் இந்தச் சான்றுகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, கருணைக்கொலையை முற்றாக மறுத்தார். அதேவேளை, வேதனையை மட்டுமே நீட்டிக்கும் செயற்கை முயற்சிகள் கடமையாகிவிடாது என்ற இடத்துக்கும் வந்தார். வலியைத் தணிக்கும் மருந்தில் ஓரளவு ஆபத்து இருந்தாலும், நோக்கம் வலியைத் தணிப்பது மட்டும் என்றால் அதைக் கொடுக்கலாம் என்பதும் அவர் கருத்து.

கடினமான கேள்வி அவருக்குப் பின்னால்தான் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்துவது விறகு வெட்டுபவரை நிறுத்துவதா, தலையணையை உருவுவதா? இஸ்ரேலில் இதற்காக 2000ஆம் ஆண்டில் 59 பேர் கொண்ட ஒரு பெரிய குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஆவ்ரஹாம் ஸ்டைன்பெர்க், நரம்பியல் மருத்துவர், ரபியும்கூட. ஹலாகா மருத்துவக் கலைக்களஞ்சியத்துக்காக 1999இல் இஸ்ரேல் பரிசு பெற்றவர். 2005 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மரணத் தறுவாயிலுள்ள நோயாளிகள் சட்டம், தொடர் சிகிச்சை, விட்டுவிட்டு அளிக்கும் சிகிச்சை என்று இரண்டாகப் பிரித்தது. தொடர்ந்து ஓடும் கருவியை நிறுத்துவது செயல், ஆகவே தடை. ஒரு சுற்று முடிந்தபின் அடுத்த சுற்றைத் தொடங்காமல் இருப்பது செயலின்மை. உரிய நிபந்தனைகளோடு அதற்கு இடமுண்டு. எனவே வென்டிலேட்டருக்கு நேரமானி பொருத்தி, தொடர் சிகிச்சையை விட்டுவிட்டு நடக்கும் சிகிச்சையாக மாற்ற அந்தச் சட்டம் வழி செய்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சொல்விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவசர நிலையில் எந்தத் தயக்கமும் இன்றிக் கருவியைப் பொருத்தவும், பின்னர் நின்று நிதானமாக முடிவெடுக்கவும் அது மருத்துவருக்கு இடம் கொடுக்கிறது. ஒருமுறை பொருத்திவிட்டால் எடுக்கவே முடியாது என்று அஞ்சிப் பொருத்தாமலே விட்டுவிடும் ஆபத்தைவிட இது மேல்.

கருக்கலைப்பு பற்றி யூத மதத்தின் ஒரே தீர்ப்பு எது? தலைமை ரபி சொன்னால் எல்லோரும் கட்டுப்பட வேண்டுமா?
(கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி)

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போப்பாண்டவர் போன்ற தலைமை யூத மதத்தில் கிடையாது. பிரிட்டனின் தலைமை ரபி பதவியும், மரபை இறுகப் பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் தொழுகைக்கூடங்களைச் சார்ந்தது. சீர்திருத்தப் பிரிவினர் அவரைத் தம் தலைவராகக் கருதுவதில்லை. ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்குள்ளேயும் ஒரு தீர்ப்பின் வலிமை அதைத் தருபவரின் பதவியில் இல்லை, புலமையில் இருக்கிறது. ஜேகபோவிட்ஸ் பெரும் பதவியில் இருந்தார். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் மருத்துவக் கேள்விகளுக்குப் பலரும் எதிர்பார்த்துக் காத்திருந்த பதில்கள் நியூயார்க்கில் வாழ்ந்த மோஷே ஃபைன்ஸ்டைனிடமிருந்தும், ஜெருசலேமின் எலியேசர் வால்டன்பெர்க்கிடமிருந்தும், ஷ்லோமோ சல்மன் அவுர்பாக்கிடமிருந்தும் வந்தன.

கருக்கலைப்புக்கான அடிப்படை மிஷ்னாவில் இருக்கிறது. பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால், குழந்தையைக் கருப்பையிலேயே துண்டித்து எடுக்க வேண்டும், தாயின் உயிருக்கே முதலிடம். குழந்தையின் பெரும்பகுதி வெளிவந்துவிட்டால் தொடக் கூடாது, ஓர் உயிருக்காக இன்னோர் உயிரைத் தள்ளிவிட முடியாது. படிக்கவே கடுமையான வாசகம். ஆனால் தாயைக் காக்கக் கருக்கலைப்பு வெறும் அனுமதி அன்று, கடமை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. மைமோனிடிஸ் இதற்கு வேறு விளக்கம் தந்தார்: தாயைக் கொல்ல விரட்டிவரும் ஒருவனைப்போலக் கரு இருப்பதால்தான் இந்த அனுமதி என்றார். இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிற்கால வேறுபாடுகள் பிறந்தன. விரட்டுபவன் என்பதே காரணம் என்றால், தாயின் உயிருக்கு ஆபத்து இல்லாத இடத்தில் அனுமதி இல்லை. கரு முழு மனித உயிர் ஆகவில்லை என்பது காரணம் என்றால், கடும் தேவையுள்ள வேறு சில நிலைகளுக்கும் இடமுண்டு.

1970களில் டே-சாக்ஸ் நோய் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கொண்டுவந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே கூடுதலாகக் காணப்பட்ட மரபுவழி நோய் அது. குழந்தை சில மாதங்கள் நன்றாக வளர்ந்து, பின்னர் பார்வையும் அசைவும் இழந்து, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இறந்துவிடும். கருவிலேயே நோய் தெரிந்தால் கலைக்கலாமா? ஏழாம் மாதம் வரை அனுமதிக்கலாம் என்றார் வால்டன்பெர்க். கூடவே கூடாது என்று ஃபைன்ஸ்டைன் கடுமையாக மறுத்து எழுதினார். இருவருமே அந்தத் தலைமுறையின் முதல் வரிசை அறிஞர்கள். ஒருவர் மற்றவருக்காகத் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. ஜேகபோவிட்ஸ் கட்டுப்பாடான பக்கத்தில் நின்றார். தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து இருப்பதே அனுமதிக்கான காரணம் என்பது அவர் அணுகுமுறை.

சமூகம் ஒரு மாற்று வழியையும் கண்டது. டே-சாக்ஸ் நோயால் தம் பிள்ளைகள் நால்வரைப் பறிகொடுத்த ரபி யோசேப் எக்ஸ்டைன் 1983இல் நியூயார்க்கில் தோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்களின் இரத்தம் பெயரில்லாமல் எண்ணோடு சோதிக்கப்படும். திருமணப் பேச்சு வரும்போது இரு தரப்பும் எண்களைத் தந்தால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற பதில் மட்டும் கிடைக்கும். அந்த நோய்க்கூறு தமக்கு இருப்பதாக எவர்மீதும் முத்திரை விழாது. ஒரு பெண்ணின் திருமணமோ குடும்பத்தின் பெயரோ கெடாது. சம்பந்தம் பேசி முடிக்கும் சமூகத்தின் நெளிவுசுளிவு தெரிந்த ஒருவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

மூளைச்சாவை அவர்கள் மரணமாக ஏற்கிறார்களா?
(வாசகர், சேலம்)

ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இன்றுவரை தீராத வழக்கு இதுவே. கட்டடம் இடிந்து ஒருவர் புதையுண்டால், ஓய்வுநாளாயினும் தோண்ட வேண்டும். உயிர் இருக்கிறதா என்று மூக்கு வரை பார்க்க வேண்டும் என்கிறது தல்மூத். மூச்சு நின்றால் மரணம் என்பது ஒரு தரப்பு. அப்படியானால் மூளைத்தண்டு செயலிழந்து, இனி ஒருபோதும் தானாக மூச்சு விட முடியாதவர் இறந்தவரே. கருவி அடைக்கும் காற்று அவருடைய மூச்சு ஆகாது. உயிரியல் பேராசிரியரும் ஃபைன்ஸ்டைனின் மருமகனுமான ரபி மோஷே டெண்ட்லர், மூளைச்சாவை உடலளவில் தலை துண்டிக்கப்பட்டதற்கு ஒப்பிட்டு இந்தத் தரப்பை முன்னின்று நடத்தினார். இதயம் துடிக்கும்வரை உயிர் உண்டு, மூக்கைப் பார்ப்பது வெறும் அடையாளச் சோதனை என்பது எதிர்த்தரப்பு. அவுர்பாக் போன்றோர் அதில் நின்றனர். இந்தத் தரப்பின் கணக்கில், துடிக்கும் இதயத்தை எடுப்பது தானம் ஆகாது, கொலை ஆகிவிடும்.

இஸ்ரேலின் தலைமை ரபி மன்றம் 1986இல் நிபந்தனைகளோடு முதல் தரப்பை ஏற்றது. 2008இல் இதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. உறுப்புதான அட்டையில் கையெழுத்திட்டவர்களுக்கு உறுப்பு பெறும் வரிசையில் முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில்தான். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டமே மூளைத்தண்டுச் சாவை ஏற்றுவிட்டது. தமிழ்நாட்டின் இறந்தோர் உறுப்புதானத் திட்டமும் 2008இல் தொடங்கியது என்பது தற்செயல்தான்.

நீங்கள் அவரைப் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். அவரிடம் குறையே இல்லையா?
(வாசகர், புதுச்சேரி)

உண்டு. எனக்குத் தோன்றும் பெரிய குறை, அவருடைய எழுத்தில் யூத நிலைப்பாடு பல இடங்களில் ஒற்றைக் குரலாக ஒலிப்பது. மேலே சொன்ன ஃபைன்ஸ்டைன், வால்டன்பெர்க் முரண்பாடு போன்றவைதான் அந்த மரபின் உயிர்; ஆனால் பிற சமயத்தாருக்கும் பொதுமக்களுக்கும் விளக்க முனைந்தவர் என்பதால், ‘யூத மதம் சொல்வது இது’ என்று அவர் முடித்துவிடுவதுண்டு. தலைமை ரபி என்ற பதவியும் அந்தத் தொனிக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே மரபிலிருந்து வேறு முடிவுகளும் வரும் என்பதற்கு, ஆர்த்தடாக்ஸுக்கும் சீர்திருத்தப் பிரிவுக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவின் ரபி எலியட் டோர்ஃப் சான்று. மரணத் தறுவாயில் இருப்பவரைப் பழைய நூல்களின் இறந்துகொண்டிருப்பவர் என்ற வகையில் வைக்காமல், பிழைக்க முடியாத காயமுற்றவர் என்ற வேறொரு வகையில் வைத்து, செயற்கை உணவையும் கருவிகளையும் விலக்க அவர் கூடுதல் இடம் கண்டார். அதே பிரிவைச் சேர்ந்த ரபி ஆவ்ரம் ரைஸ்னர் வேறு முடிவுக்கு வந்தார். அந்தப் பிரிவின் சட்டக் குழு 1990இல் இரண்டு அறிக்கைகளையும் ஏற்றுக்கொண்டது. ஜேகபோவிட்ஸின் நூலில் இப்படி ஒரு காட்சியைப் பார்க்க முடியாது.

எய்ட்ஸ் பரவிய 1980களில், ஆணுறையை முன்னிறுத்திய பிரிட்டிஷ் அரசின் பிரசாரத்தை அவர் எதிர்த்து, மணவாழ்வின் ஒழுக்கத்தையே பேச வேண்டும் என்றார். நோயைத் தெய்வ தண்டனை என்று சொல்ல அவர் மறுத்ததைக் குறிப்பிட்டாக வேண்டும். நடத்தைக்கு விளைவு உண்டு என்று எச்சரிப்பது வேறு, துன்பப்படுபவரைப் பார்த்து இது கடவுளின் தீர்ப்பு என்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆனாலும் உயிர்காப்பே முதற்கடமை என்று வாழ்நாள் முழுதும் எழுதியவர், ஆணுறை உயிர் காக்கும் கருவியாக நின்ற இடத்தில் தயங்கியது எனக்கு முரணாகவே படுகிறது. 1993இல், ஓரினச்சேர்க்கை நாட்டத்தை மரபியல் முறையில் நீக்க முடியுமானால் அதில் கொள்கையளவில் தவறில்லை என்ற பொருளில் அவர் கூறியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. இனத் தூய்மை என்ற பெயரில் மனிதர்களைத் தரம்பிரித்த ஒரு நாட்டிலிருந்து தப்பி வந்தவர் அதைச் சொன்னார் என்பதே பலரையும் திடுக்கிட வைத்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

டெம்பிள்டன் பரிசு பெற்றாரா?
(வாசகி, ஈரோடு)

ஆன்மிகத் துறைப் பங்களிப்புக்கான அந்தப் பரிசை 1991இல் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் நம் பாபா ஆம்தே.

மருத்துவர் கட்டணம் பற்றி யூதச் சட்டம் ஏதாவது சொல்கிறதா? சிகிச்சை கடமை என்றால் பணம் வாங்கலாமா?
(சிறுநகர மருத்துவர், விருதுநகர் மாவட்டம்)

ஜேகபோவிட்ஸ் விரிவாக எழுதிய பொருள்களில் இதுவும் ஒன்று. குணப்படுத்துவது, தொலைந்த பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது போன்ற கடமை என்று தல்மூத் கொள்கிறது. தொலைந்தது உடல்நலம், அவ்வளவே. கடமைக்குக் கூலி கேட்க முடியாது. எனவே, மருத்துவர் தம் அறிவுக்கு விலை வாங்கக் கூடாது. செலவிட்ட நேரத்துக்கும் உழைப்புக்கும் வாங்கலாம் என்பது ஷுல்கான் அரூக் வகுக்கும் விதி. சிகிச்சை அளிக்கத் தெரிந்தும் அளிக்காதவர், வேறு மருத்துவர் இருந்தாலும்கூட, இரத்தம் சிந்தியவருக்குச் சமம் என்பதும் அதே இடத்தில்தான் வருகிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு ஆர்வமூட்டும் பகுதி அதற்கு அடுத்தது. ஒருவரிடம் மருந்து இருக்கிறது. இன்னொருவருக்கு உடனே தேவை. நெருக்கடியைப் பயன்படுத்தி விற்பவர் பெரிய விலை பேசி, வாங்குபவர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டாலும், மருந்தின் நியாய விலைக்கு மேல் அவர் பெற முடியாது. அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆனால் மருத்துவரிடம் பெரிய கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். அவர் விற்றது தம் அறிவை, அறிவுக்கு விலைமதிப்பே கிடையாது என்பது காரணம். அறிவுக்கு விலை வாங்காதே என்ற விதியும், விலைமதிப்பில்லாத அறிவுக்குப் பேசிய தொகையைக் கொடு என்ற விதியும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முன்னது மருத்துவரின் மனச்சாட்சிக்குச் சொன்னது, பின்னது நோயாளியின் வாக்குக்குச் சொன்னது என்று உரையாசிரியர்களின் விளக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் அந்தச் சலுகை தரப்படவில்லை.